லைட் குக்கிங் மட்டும்

வாடகை விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது.
ஹவ்காங், ஒன்பதாம் மாடி, இருவர் தங்கும் அறை,
வைஃபை உண்டு, லைட் குக்கிங் மட்டும்.
"விளக்கையா சமைக்கச் சொல்றாங்க?"
என்று கேட்டாள் ஜெசிந்தா,
முன்பணம் கட்டிய பிறகு.

திருமதி குவெக்கின் அகராதியில் அதற்குப் பொருள்:
தாளிக்கக் கூடாது. பொரிக்கக் கூடாது.
வடை என்ற சொல் அவருக்குத் தெரியும்,
அதுவும் கூடாது.
அடுப்பருகே அவருடைய எண்ணெய் பாட்டில்,
அதன் வயிற்றில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு.
அவர் தின்பதோ ஆவியில் வெந்த மீனும் கீரையும்.
ஆனாலும் வாரத்துக்கு வாரம்
கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.
ஜெசிந்தாவை நான் கேட்டதில்லை.
அவளும் என்னைக் கேட்டதில்லை.
எங்கள் எண்ணெயை மட்டும்
அறை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

சப்பாத்தி அலுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
பீட்சா என்றாள்.
"அவன் இல்லாமலா?"
"எவன்?" என்றாள்,
"தவா போதும்டி."

பாதி மைதா, பாதி ஆட்டா,
வெதுவெதுப்பான நீரில் ஈஸ்ட், சர்க்கரை ஒரு கிள்ளு.
இந்த ஊர்ப் புழுக்கத்தில்
மாவை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.
கழியில் போட்ட சட்டை காய்வதற்குள்
ஈரத்துணியை முட்டிக்கொண்டு நின்றது.

தக்காளியை அதன் தண்ணீரிலேயே சுருளவிட்டேன்,
நசுக்கிய பூண்டோடு.
குடைமிளகாய், காளான், டின் சோளம் எல்லாம் பேசாமல் ஒத்துழைத்தன.
கத்தரிக்காய்தான் தகராறு.
எண்ணெயோடு சேர்த்தே பெயர் வாங்கிய குடும்பம் அல்லவா,
உப்பில் புரட்டி வெறுந்தவாவில் போட்டதும்
கீச்சென்று ஒரு முறையீடு.
பிறகு படிந்துவிட்டது.

ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான்.
எண்ணெய் என்ற சொல்லிலேயே எண் இருக்கிறதே,
ஜெசிந்தா எண்ணினாள்:
தவாவுக்கு நான்கு சொட்டு,
மாவின் விளிம்புக்கு விரலால் ஒரு சுற்று,
கையில் ஒட்டிய மிச்சத்தை
வறண்ட முழங்கையில் தேய்த்துக்கொண்டாள்.

மூடிபோட்டுச் சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம்.
தள்ளுபடிச் சீஸ், நாளையோடு காலாவதி,
நாளை வரை எதற்கென்று இன்றே உருகியது.

வாசனைக்கு வந்தார் திருமதி குவெக்.
முதலில் பாட்டிலைப் பார்த்தார், அப்புறம் தவாவை.
ஒரு துண்டு கொடுத்தோம்.
நின்றபடியே
ஓரத்திலிருந்து நடுவுக்குத் தின்றார்.
"நைஸ் லா," என்றார்.
கொஞ்சம் யோசித்து,
"பட் ஆயில் நாட் இனஃப்."

அன்றிரவு ஒன்றரைக்குத்
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அடுக்களையில் விளக்கில்லை.
அடுப்பின் நீல வளையம் மட்டும்,
அதன்மேல் வாணலியில், நீந்துகிற ஒரு முட்டை,
ஓரமெல்லாம் பொன் சரிகை.
குளிர்பெட்டிக் கதவில் பாலிகிளினிக் தாள்,
ஆறு மாதமாய்க் கண்ணெதிரே இருந்தும்
நான் படிக்காத தாள்,
ஓர் எண்ணைச் சுற்றி
அதே கறுப்பு மார்க்கர் வட்டம்.

லைட் இல்லாத குக்கிங்.
அவர் என்னைப் பார்த்தார்.
முட்டையைத் திருப்பினார்.
நான் தண்ணீர் குடித்தேன்,
தாகத்துக்கு வேண்டியதைவிட மெதுவாக.

காலையில் பழைய கோட்டைக் காணோம்.
ஒரு விரல் கீழே புதிதாய் ஒன்று,
சற்றுக் கோணலாக.
ஜெசிந்தா பாட்டிலைப் பார்த்தாள்,
முதல்முறையாக என்னையும் பார்த்தாள்.
"நீ இல்லைன்னு தெரியும்," என்றேன்.
"அப்போ யாரு?"

அரைப் பாக்கெட் ஈஸ்ட் மிச்சமிருக்கிறது,
வரும்போது
கத்தரிக்காய் இரண்டு கூடுதலாய் வாங்கிவா என்றேன்.